அப்பாவின் சதுரம்

1

இந்தக் கதை ஒரு பொறாமையில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் ஆகி, வெட்டியெடுத்ததைச் சோதித்து, குடும்ப விவரத்தையும் கேட்டுவிட்டு, இது அப்பாவழியில் வந்த ஒரு மரபணுப் பிழையால் வந்தது என்றார்கள். அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்கு இல்லை.

அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல. 'இதுவும் அவளுக்குத்தானா?' என்றுதான் தோன்றியது.

முகம் சுளித்திருப்பீர்கள். நானும் சுளித்தேன். ஆனால் கணக்கைக் கேளுங்கள். அப்பாவின் மூக்கு அவளுக்கு. அப்பாவின் சுருட்டை முடி அவளுக்கு. இடதுகைப் பழக்கம், எதையும் கண்ணாலேயே அளந்துவிடும் மூளை, தும்மினால் ஏழு முறை தும்முவது, எல்லாம் அவளுக்கு. எனக்கு வந்தது அவருடைய குடை. அதையும் பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன், மூன்றையும் கைவிட்டேன். கிழித்துப் போட மனமில்லாமல் இங்கே வைக்கிறேன்.

"மனித உடலில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான செல்கள் பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட ஒரு" (பாடப் புத்தகம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

"அவள் புன்னகைத்தபடியே ஆபரேஷன் அறைக்குள் சென்றாள். அந்தப் புன்னகையில்" (பச்சைப் பொய். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் காலைப் பார்த்து, "செருப்பு ஜோடி மாத்திப் போட்டிருக்க அண்ணா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.)

"அப்பா நாற்காலியில் அமர்ந்தபடியே, கையில் செய்தித்தாளோடு, அடுத்த பக்கத்தைத் திருப்பப் போகிறவரைப் போல இறந்துபோனார்."

மூன்றாவது இந்தக் கதைக்காக எழுதியது அல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அச்சான என்னுடைய வேறொரு கதையின் கடைசி வரி. இதுவரை யாராவது என்னைப் பாராட்டியிருக்கிறார்கள் என்றால் இந்த ஒரு வரிக்காகத்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

3

மரபணு டாக்டரின் அறையில் மேஜை, மூன்று நாற்காலிகள், சுவரில் நின்றுபோன கடிகாரம். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டே போனார். இந்த நோய் வந்தவர்களுக்கு மட்டும் உள்ளே கறுப்படிக்க வேண்டுமாம். தங்கையின் வட்டத்தைக் கறுப்படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"அச்சகத்துல புரூஃப் பாக்கறேன் டாக்டர். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்தறது."

"அப்ப உங்களுக்குப் புரிய வைக்கறது ரொம்ப சுலபம். செல்லு ரெண்டாப் பிரியறப்ப உள்ள இருக்கற மொத்த எழுத்தையும் காப்பி எடுக்கும். எடுக்கறப்ப தப்பு விழத்தான் செய்யும். அதைத் திருத்தறதுக்குன்னே சில மரபணு இருக்கு. உங்க தங்கச்சிக்கு அதுல ஒண்ணு பிறவியிலயே பழுது."

"அப்ப இத்தனை வருஷம் எப்படி ஓடுச்சு?" என்றாள் தங்கை.

"எல்லா மரபணுவும் ரெண்டு ரெண்டா இருக்கும்மா. இன்னொண்ணு நல்லா இருந்துச்சு. குடல்ல ஏதோ ஒரு செல்லுல அதுவும் போயிடுச்சு. அதுக்கப்புறம் அங்க கேக்க ஆளில்ல."

கேட்க ஆளில்லாத அச்சகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் திரும்பியபோது ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயர் இருந்தது. குடலிலும் அப்படித்தான், பிழை மேல் பிழை. முதலில் செல் பெருகாமல் பிரேக் போடும் மரபணு கெடுகிறது. உள்சுவரில் மொட்டு மாதிரி ஒரு பாலிப் முளைக்கிறது. பிறகு 'வளர்' என்று சொல்லும் மரபணு நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கெட்டுப்போன செல்லைச் சாகச் சொல்லும் காவல்காரனும் கடைசியில் விழுந்துவிட்டால் அந்த மொட்டு சுவரைத் துளைத்துக்கொண்டு கிளம்புகிறது. மற்றவர்களுக்குப் பத்து வருஷம்கூட ஆகும் இந்தப் பயணம், இப்படிப் பிழையோடு பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடலாம் என்றார் டாக்டர்.

(பிழை திருத்துவது என் பிழைப்பு. இருபத்தைந்து வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதே வேலை அவள் உடம்புக்குள் நின்றுபோனதும், ஒரு டாக்டர் படம் போட்டு விளக்குகிறார்.)

பிறகு அப்பாவின் சதுரத்துக்கு வந்தார். "அப்பா எதுல இறந்தாங்க?"

"மாரடைப்பு. நாற்காலில உக்காந்தபடியே, கையில பேப்பரோட..." என்று தங்கை ஆரம்பித்தாள்.

"இல்ல டாக்டர், அப்பாவுக்கும் இதேதான். குடல்ல. நாப்பத்தி நாலு வயசு" என்றேன்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா போறதுக்கு முன்னாடி சொன்னாங்க, போன வருஷம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

டாக்டர் அப்பாவின் சதுரத்தை நிதானமாகக் கறுப்படித்தார். பேனா மை தீர்ந்துகொண்டிருந்ததால் ஒரு மூலை வெளிறிப்போய் நின்றது.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கைதான். ரொம்பவும் நேராக இருக்கிறாள். நிலத்தை அளந்து எல்லைக்கல் நடும் சர்வேயர் அவள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்திக்கொண்டு அடிக்க வந்தாலும் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "கத்தினா ரெண்டு இன்ச் கூடுமா?" என்று கேட்பவள். இப்படிப்பட்டவளைக் கதையில் வைத்தால் எழுத்தாளன் எதற்கு?

அதனால்தான் அந்தப் பழைய கதையில் அவளை வைக்கவில்லை.

இல்லை, அதனால் அல்ல. அப்பா படுத்துக்கொண்ட கடைசி மூன்று மாதம், அவருடைய அறைக் கதவு எனக்குச் சாத்தியிருந்தது. எனக்குப் பதினைந்து வயது. அவளுக்கு ஐந்து. அவள் மட்டும் பொம்மையை இழுத்துக்கொண்டு இஷ்டத்துக்கு உள்ளே போவாள், வருவாள். உள்ளேயிருந்து அப்பா சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் கூடத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா எல்லாரிடமும் 'நெஞ்சுவலி' என்றே சொன்னாள். ஊராரிடம் சாகும் வரை அதையே சொன்னாள்.

எழுத்தாளன் ஆனதும் அந்த அறையை இடித்தேன். கதையில் கதவு இல்லை, கட்டில் இல்லை, தங்கை இல்லை. வாசல், நாற்காலி, அப்பா, பக்கத்தில் நான். ஒரு முழுத் தங்கையை நீக்குவதற்கு புரூஃப் தாளில் ஒரு சுழி போதும்.

அவள் படித்துவிட்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். "அப்பா இப்படியா போனாரு? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணா. சொல்லு, இன்னும் சொல்லு."

சொன்னேன். அப்பா என் கையில் இருந்தார். அவள் கேட்டு வாங்கும் இடத்தில் இருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

5

இந்தப் பகுதியை நான் எழுதாமலே விட்டிருக்கலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலத்தில் ரத்தம் வருகிறது என்று அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பா மாரடைப்பு என்றாள். அதோடு விடாமல், "நாற்காலில உக்காந்தபடியே, கையில பேப்பரோட, அடுத்த பக்கத்தைத் திருப்பப் போற மாதிரி" என்றும் சொன்னாள். என் வரி! ஒரு விவரம் பிசகாமல்! எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"குடும்பத்துல யாருக்காவது கேன்சர், குடல் பிரச்சினை?" என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லல்லண்ணா?"

நான் அப்போது

எனக்கு அந்த நேரத்தில்

உண்மை என்னவென்றால்

"இல்ல" என்றேன்.

எனக்குத் தெரியும். அம்மா சொல்லித் தெரியவில்லை. மூன்றாம் பகுதியில் நான் டாக்டர் முன்னால் சொன்னது பொய். பதினைந்து வயதில் அப்பாவின் பரிசோதனை முடிவை லேபிலிருந்து வாங்கிவந்தவன் நான்தான். வழியில் ஒரு மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக் கவரைப் பிரித்துப் படித்தேன். பெருங்குடல் என்ற வார்த்தையையும் அதற்குப் பக்கத்தில் இருந்த வார்த்தையையும் மறக்கவே இல்லை.

மறதி என்றால் மன்னித்துவிடலாம். அன்று கிளினிக்கில் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் என் நாற்காலி அப்பா அந்த இடத்திலேயே செத்திருப்பார். அவர் மறுபடியும் அந்தச் சாத்திய அறைக்குள் போய்விடுவார், அவளோடு. அவரை அப்படி விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் 'மூலம்தான், பயப்படாதீங்க' என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்திருந்தால் ஒருவேளை அது வெறும் பாலிப்பாக இருந்திருக்கும். உள்ளேயே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து வயிற்றைத் திறந்தபோது அது இரண்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தது.

6

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

அ) அவள் படிக்கிறாள், அழுகிறாள், "போகட்டும் விடுண்ணா" என்கிறாள். (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

ஆ) அவள் படிக்கிறாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதே இல்லை.

இ) அவள் படிக்கவில்லை, நான் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். எல்லாரும் பாராட்டுகிறார்கள். (இப்படி முடிக்க வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். இதைத்தான் முதலில் எழுதினேன்.)

7

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறாம் பகுதி வரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான்காவது முறை கீமோ ஏற்றி ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த மருந்தால் குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் அவள் விரலில் ஊசி குத்துகிறது. ஃபிரிட்ஜின் மேல் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை கிடந்தது. பன்னிரண்டு வயது மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு ஆனதும் அவளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும்.

தங்கை என் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். குடை வரும் இடத்தில் சிரித்தாள். செருப்பு வரும் இடத்தில், "ஜோடி மாறலண்ணா, இடது வலது மாறியிருந்துச்சு" என்று திருத்தினாள். நான்காம் பகுதி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எம்மேல பொறாமையா?"

"ம்."

"அந்த ரூம்ல எனக்கு என்ன கிடைச்சதுன்னு நெனச்ச? ஒரு மருந்து வாடை. அவர் முகம்கூட ஞாபகத்துல இல்ல. உனக்குப் பதினஞ்சு வருஷம் அப்பா இருந்தாரு. எனக்கு இருந்த அப்பா உன் கதையில பேப்பர் படிச்சிட்டிருக்கறவர்தான். உம்மேல எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, மிச்சத்தையும் படிக்கறேன்."

ஐந்தாம் பகுதியைப் படித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். ஆறாம் பகுதியைத் தொடவே இல்லை.

"இது கதைக்காகச் சேத்தது, அப்படித்தானே?"

கிளினிக்கில் பார்த்த அதே மாதிரி, நான் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயாராக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். "பொய்யா இருந்தா அடிச்சிடு. ஏன் எழுதினன்னுகூடக் கேக்க மாட்டேன், நம்பிக்கறேன். நிஜம்னா அப்படியே விடு." எழுந்து, மேஜையைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். "புள்ளைக்குப் பால் எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள முடி."

சமையலறையில் அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டும் நேரம் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவு திறந்தது. பால் கொதிக்க மூன்று நிமிஷம் ஆகும். ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டால் இந்தக் கதைக்கு ஒன்றும் ஆகாது. படித்துப் பாருங்கள், நான்கிலிருந்து ஆறுக்கு நேராகப் போகலாம், அம்மா சொன்னதாகச் சொன்னதும் அப்படியே நிற்கும். ஒரே ஒரு குறுக்குக்கோடு. அச்சகத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது போடுகிறேன்.

அவள் திரும்பி வந்து என்ன பார்த்தாள், என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது; அதையாவது நான் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் என்று மட்டும் தெரிய வேண்டுமானால், பின்னால் திருப்பி, உங்கள் கையில் இருக்கும் பிரதியில் ஐந்தாம் பகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.