லூகாஸ் அடித்த ஆணிகள்

தென்னாப்பிரிக்காவின் கரூ சமவெளியில் விடியலில் புதரெல்லாம் உறைபனி. சினையாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உட்காரவைத்து, மடியைச் சுற்றியிருந்த கம்பளியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பிறக்கும் குட்டி காம்பைத் தேடும்போது வாயில் மயிர் சிக்கக் கூடாது. விரல்கள் எப்போதோ மரத்துவிட்டன. அபோலிஸ் மாமா ஈற்றுக்கொட்டிலில் வைக்கோல் பரப்பினார். கொட்டிலுக்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. கூரையைப் போன மாதப் புயல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

என் அண்ணன் லூகாஸும் அந்தப் புயலில்தான் போனான். தண்ணீர் இறைக்கும் காற்றாலை நின்றால் ஆட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று முதலாளி ருடோல்ஃப் அவனை மேலே ஏற்றினார். காற்று அவனைக் கீழே தள்ளியது.

"கூரைக்குத் தகரம் எங்க முதலாளி?" என்று வண்டியில் வந்து நின்றவரிடம் மாமா கேட்டார்.

"லூகாஸ் வீட்டுக் கூரையப் பிரிங்க. வேலை செய்யுறவனுக்குத்தான் வீடு. அவன் பொண்டாட்டி மீட்டாவக் கெளம்பச் சொல்லிட்டேன்."

"எங்க போவா? இந்தப் பண்ணையிலேயே பொறந்தவ."

"எனக்குக் குட்டிங்க சாகக் கூடாது. மதியத்துக்குள்ள முடிங்க."

வண்டி போய்விட்டது. பண்ணையாட்கள் நாங்கள் எல்லோரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எங்கள் தலைக்கு மேலும் அவருடைய தகரம்தானே.

மீட்டா வாசலில் கூழ்க் கரண்டியோடு நின்றாள். "நீங்களே ஏறுங்க கொழுந்தனாரே. மத்தவங்க தகரத்தக் கிழிச்சுடுவாங்க. நீங்கன்னா பாத்துப் பிரிப்பீங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதல் ஆணியை நெம்பினேன். அதோடு ஒரு ரப்பர் வட்டம் கிழிந்து கையில் விழுந்தது. கூரை ஒழுகக் கூடாதென்று தன் பழைய பூட்ஸை அறுத்து ஒவ்வொரு ஆணிக்கும் அண்ணன் வைத்தது. "பிள்ளைங்க வெறுங்காலோட திரியுது, இவன் ஆணிக்குச் செருப்புத் தைக்கிறான்" என்று மாமா அவனை அப்போது ஓட்டாத நாளில்லை. அந்த வீடு ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னடா, ஆணி வரலியா?" என்றார் மாமா கீழிருந்து.

"ஆணி வருது மாமா. என்னால ஆகல."

அவர் வலிக்கும் முழங்காலோடு ஏணியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள்.

முதலாளி திரும்பி வந்தபோது கூரை முழுக்க ஆட்கள்.

"பிரிக்கச் சொன்னா உக்காந்திருக்கீங்க?"

"பிரிக்க மாட்டோம்," என்றார் மாமா. "புதுத் தகரம் வாங்கிட்டு வாங்க, கொட்டில மேஞ்சு தரோம்."

"அப்ப எல்லாரும் மூட்டையக் கட்டுங்க."

"கட்டுறோம், சேந்தே கட்டுறோம். குட்டி எடுக்க யாரக் கூப்பிடுவீங்க?"

அதற்குள் பட்டியில் ஓர் ஆடு கத்தியது. முன்கூட்டியே வலி கண்டுவிட்டது.

"அதப் பனியில போடாதீங்க. இங்க தூக்கிட்டு வாங்க," என்றாள் மீட்டா.

அவளை விரட்ட வந்தவரின் ஆட்டை அவளுடைய அடுப்பருகே கிடத்தினோம். குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. மீட்டா கொடியிலிருந்த லூகாஸின் சட்டையை எடுத்தாள். அவன் வாசம் போய்விடுமென்று துவைக்காமலே வைத்திருந்தது. அதைக் கொண்டு தேய்த்தாள். குட்டி தும்மியது, பிறகு கத்தியது. அவள் சட்டையில் முகம் புதைத்து, அவன் செத்த பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

முதலாளி வாசலோடு நின்றுவிட்டார். "நாளைக்குப் போலீசோட வரேன்," என்று சொல்லிப் போனார். வருவார், எங்களுக்குத் தெரியும்.

வானம் கறுத்து வந்தது. கூரையில் நான் நெம்பிய ஓட்டை அப்படியே இருந்தது. கிழிந்த ரப்பர் என் கைக்குள் இருந்தது. அதை எறிய மனம் வரவில்லை.

மாமா படியில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றினார். இருப்பதே அந்த ஒரு ஜோடிதான்.

"அந்தக் கத்தரிய எடுடா," என்றார்.