நடுவில் வைத்த கூட்டல் குறி

லென்ஸில் நெய் படிந்திருந்தது. கட்டைவிரல் ரேகை எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக. ஞாயிற்றுக்கிழமை காலை ரைபிள் கிளப் கேன்டீனில் பொங்கல்தான் போடுவார்கள். அதைத் தின்ற கையைக் கழுவாமல் யாரோ, குறிபார்க்கத் துப்பாக்கி மேல் பூட்டியிருந்த தன் ஸ்கோப்பைத் தொட்டிருக்கிறார்கள் என்று புரிந்ததும் ரெனிட்டாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அடுத்தவர் பிரஷ்ஷை எடுத்துப் பல் தேய்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவனுக்கும் இந்த ஆளுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

துடைத்துவிட்டு உள்ளே பார்த்தாள். கூட்டல் குறி வட்டத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது.

நடுவில் நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். புது ஸ்கோப்பில் அப்படித்தான், திருகை எவ்வளவு திருப்பினாலும் குறி நடுவை விட்டு நகராது. ரெனிட்டாவுடையது எழுபது வருஷத்து ஜெர்மன் சாமான். அவள் அப்பா டெரிக் துப்பாக்கியோடு சேர்த்து விட்டுப்போனது. இதில் திருகைத் திருப்பினால் குறியே வட்டத்துக்குள் நகரும். குறி காட்டுகிற இடத்திலேயே குண்டும் போய் விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வர வேண்டும். அதற்கு நான்கு ஞாயிறு ஆனது அவளுக்கு. திருகு மட்டும் போதாமல், பழைய எக்ஸ்ரே படத்தைப் பட்டை பட்டையாக வெட்டி ஸ்கோப்பின் தாங்கிக்கு அடியில் கொடுத்து, ஐந்து குண்டு சுட்டு, நடந்துபோய் இலக்கு அட்டையைப் பார்த்து, திரும்பி வந்து இன்னொரு பட்டை வைத்து, மறுபடி சுட்டு... கடைசியில் குறி கொஞ்சம் கீழேயும் கொஞ்சம் இடப்பக்கமும் ஒதுங்கி நின்றது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் விழுந்தன.

"யாரு இதத் தொட்டது?" என்று கத்தினாள்.

"நான்தாம்மா." கிளப் செயலாளர் சிதம்பரநாதன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "நீ மூஞ்சி கழுவப் போயிருந்தியா, சும்மா எட்டிப் பாத்தேன். பிளஸ்ஸு இன்னாடா ஓரமா குந்திக்கினு கீதேன்னு பத்து ரூபா காயின வெச்சு ரெண்டு திருகு திருகினேன். இப்ப பாரு, நச்சுனு நடுவுல கீது!"

நன்றிக்காகக் காத்திருக்கிற முகம். உதட்டோரத்தில் ஒரு மிளகுத் துண்டு வேறு. ரெனிட்டா பதில் சொல்வதற்குள் போட்டி மணி அடித்துவிட்டது. மணி அடித்த பிறகு ஸ்கோப்பின் திருகைத் தொட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே. பழைய துப்பாக்கிப் போட்டிக்கு இந்தக் கிளப் போட்டு வைத்திருக்கும் சட்டம் அது. பரிசோதனைக் குண்டும் கிடையாது.

பத்து குண்டு, நூறு மதிப்பெண். எழுபது எடுத்தால்தான் கிளப் சான்றிதழ் தரும். சான்றிதழ் இல்லையென்றால் அவளுடைய உரிமம் புதுப்பிக்கப்படாது. மாதக் கடைசியில் அப்பாவின் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு சாந்தோமுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும் இதே நெய்க் கைதான்.

முதல் குண்டு கீழே இடப்பக்கம், வளையங்களுக்கு வெளியே போய் விழுந்தது. குறி முன்பு எந்தப் பக்கம் ஒதுங்கி இருந்ததோ அதே பக்கம். பூஜ்யம். பக்கத்து மேஜையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜமீலுன்னிசா உச்சுக்கொட்டினாள். அவள் கணக்கு டீச்சர். அவளிடமும் இப்படி ஒரு பழைய ஸ்கோப் உண்டு. அவளுக்கு அடுத்த ஞாயிறு போட்டி.

ரெனிட்டா குறியை மேலே வலப்பக்கம் தள்ளிப் பிடித்து இரண்டாவதைச் சுட்டாள். மூன்று மதிப்பெண். இன்னும் தள்ள வேண்டும். அட்டையின் மேல் வலது மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் அச்சிட்டிருந்தது. நடுப்புள்ளி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு அந்தக் கட்டத்தைக் குறிபார்த்தாள். எட்டு. அப்புறம் ஒன்பது. கட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் மிச்சத்தையும் சுட்டு முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுபத்திரண்டு.

"பாத்தீங்களா!" சிதம்பரநாதன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "நான் நடுவுல வெச்சுக் குடுத்தேன், அடிச்சுத் தூக்கிட்டாங்க! பழைய ஸ்கோப்பு வெச்சிருக்கவங்க எல்லாம் நோட் பண்ணிக்கங்க." எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சான்றிதழை மேஜையில் விரித்து, பேனாவை மேலே பிடித்தபடி அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, கரெக்ட்தானே நான் சொல்றது?"

பேனா இறங்கவில்லை.

"ஆமா சார்," என்றாள் ரெனிட்டா. "ரொம்ப தாங்க்ஸ் சார்."

பேனா இறங்கியது. அவர் நீட்டிய கையையும் பிடித்துக் குலுக்கினாள். பட்டினப்பாக்கம் வழியாக வண்டியில் திரும்பும்போது, வெயிலில் கிடந்த மீன் செதிலின் நாற்றம்கூடத் தன் வாயை விடத் தேவலை என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் மூன்று தடவை கை கழுவினாள். கையில் இருந்தால்தானே போகும்.

அடுத்த ஞாயிறு அவள் கிளப்புக்குள் நுழைந்தபோது நான்கைந்து பேர் நாணயமும் கையுமாக ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருந்தார்கள். சுடும் ரேஞ்சில் ஜமீலுன்னிசா சுட்டு முடித்துவிட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து குண்டில் இரண்டுதான் வளையத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. பதினொரு மதிப்பெண்.

"காலைலதான் நடுவுல வெச்சேன்கா," என்றாள். "தள்ளித் தள்ளிப் புடிச்சும் பாத்தேன், ஒண்ணும் புடிபடல. உங்களுக்கு வந்துச்சு, எனக்கு ஏன்கா வரல?"

சிதம்பரநாதன் தூரத்தில் பொங்கல் தட்டோடு நின்றிருந்தார். ரெனிட்டாவின் சான்றிதழ் பத்திரமாக வீட்டு பீரோவில் இருந்தது. இனி பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நடுவுல வெச்சதாலதான் போச்சு ஜமீலா. எனக்கும் அன்னிக்கு அது கெட்டுத்தான் போச்சு. மூலையப் பாத்து சுட்டுதான் தப்பிச்சேன்."

ஜமீலுன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சேதான் அந்தாளுக்கு தாங்க்ஸ் சொன்னீங்களா?"

ரெனிட்டா பையிலிருந்து எக்ஸ்ரே பட்டைகளை எடுத்து வைத்தாள். "குடு, நான் சரி பண்ணித் தரேன்" என்று ஸ்கோப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஜமீலுன்னிசா துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க" என்றாள்.