மூன்று தரம் விலைபோன சேவல்

பதினோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். தம்பையா சபைக்குக் கட்ட வேண்டிய பாக்கி. எல்லாம் ஒரே ஒரு சேவலுக்கு. அந்தச் சேவலின் இறகு ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்பதுதான் இதில் கூத்து.

தீவில், டாலிகஞ்சின் மேட்டுப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னத் தமிழ்க் கிறிஸ்தவ சபை அது. வருசத்துக்கு ஒருதடவை அறுப்புப் பண்டிகை. சபையில் வயல் வைத்திருப்பவர் யாரும் கிடையாது; கொத்தனார், டிரைவர், கப்பல் ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர், ஆபீஸ் பியூன், இப்படித்தான். ஆனாலும் ஆளாளுக்கு ஒரு பூசணியோ வாழைத்தாரோ கோழியோ கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்ததை, "கர்த்தருக்கே இருக்கட்டும்" என்று திருப்பி வைத்தால் அதையே மறுபடி ஏலம் விடுவார்கள். பொருள் போய்விடும், தொகை மட்டும் எடுத்தவர் பேரில் நிற்கும். பணத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். திருப்பி வைக்கிறவனுக்கு அன்றைக்குச் சபையே கை தட்டும்.

அந்தக் கைதட்டலில்தான் தம்பையா விழுந்தார்.

சேவலுக்கு அவர் எண்ணூறு என்றார். பின்பெஞ்சிலிருந்து சுதாகர் ஆயிரம் என்றார். சுதாகர் கட்டடக் காண்ட்ராக்டர். தம்பையா அவரிடம் சென்ட்ரிங் பலகை தூக்குகிற ஆள். கூலிக்காரன் முதலாளியை மிஞ்சுவானா என்று சனம் கழுத்தைத் திருப்பியது. ஆயிரத்து இருநூற்று ஐம்பதில் சேவல் தம்பையாவுக்கு. திருப்பி வைத்தார். கைதட்டல். மறு ஏலம். சுதாகர் ஏற்ற, இவர் ஏற்ற, மூவாயிரத்து ஐநூறு. மறுபடி திருப்பி வைத்தார். மூன்றாம் தரம் ஏழாயிரம். அப்போதும் திருப்பி வைத்தார். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாஸ்டரம்மா முந்நூறு ரூபாய்க்கு எடுத்துக் குழம்பு வைத்தார்கள். வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது.

"உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றாள் சொர்ணம்மா அன்று வீட்டில். "கோழிக் கடையில அறுநூறு ரூபாய்க்கு இதைவிடப் பெருசா தாரான்."

"அது கர்த்தருக்குடி."

"கர்த்தர் உங்ககிட்டச் சேவல் கேட்டாரா?"

பாக்கி அப்படியே கிடந்தது. யாரும் கேட்கவும் இல்லை. மகள் ஷோபாவுக்குத் தெற்கே கடைசித் தீவான கேம்பல் பேயிலிருந்து மாப்பிள்ளை அமைந்தபோதுதான் பாம்பு தலையைத் தூக்கியது. பையன் படகு எஞ்சின் மெக்கானிக், நல்ல குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பது. சபைப் பாக்கி வைத்திருக்கிற வீட்டுக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ போட்ட சட்டம், யாருக்காகவும் வளைந்தது இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இருபது பேருக்கு ஷிப் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அந்தக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்ததில் இடம் கிடைப்பது கடல் மனசு வைத்தால்தான். ஆகவே வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசித்தாக வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க தம்பையா," என்றார் பாஸ்டர். அவர் மெயின்லேண்டிலிருந்து வந்து இரண்டு வருசம்தான் ஆகிறது. மென்மையாகப் பேசுவார். அந்த மென்மையே தம்பையாவுக்கு உறுத்தியது. காசு கேட்கிறவன் இப்படியா பேசுவான்?

அதற்கு ஏற்றாற்போல வருசம் பிறந்ததிலிருந்து பாஸ்டர் இஸ்ரவேலின் ராஜாக்களைப் பற்றியே பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். முதல் ஞாயிறு சவுல். ஜனங்கள் எல்லாரையும்விடத் தோளுக்கு மேல் உயரமான ஆள் என்றார். சபையில் உயரமான ஆள் தம்பையாதான். முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. உயரமாகத் தொடங்கின ராஜா, வேறொருத்தனைப் புகழ்ந்து பெண்கள் பாடின பாட்டைத் தாங்க முடியாமல் கண்ணில் சந்தேகம் ஏறி, அவனைச் சுவரோடு சேர்த்துக் குத்துவதற்கு ஈட்டி எறிந்தான் என்றார். யாரைச் சொல்லுகிறார்? தம்பையா வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை செய்தார். சபை நடத்திய வகுப்பில் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவர். வரிக்கு அடியில் விரலை வைத்துத்தான் வாசிப்பார். அடுத்த ஞாயிறு எந்த ராஜா வருவான், அவனை வைத்துத் தன்னை எப்படிக் குத்துவார் என்று முன்கூட்டியே வேதத்தைத் திறந்து பார்த்துவைத்துக்கொண்டார். பாஸ்டர் வருவதற்கு முன்னால் இவர் அங்கே போய் நின்றுகொள்வது.

ரெகொபெயாம் வந்த போன ஞாயிறுதான் கொஞ்சம் நிம்மதி. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்ட சனங்களிடம், என் தகப்பன் வைத்ததைவிடக் கூட்டுவேன் என்று சொன்ன ராஜா. அந்த வாய்க்கு ராஜ்யமே இரண்டாகப் பிளந்துபோனது. சுதாகரிடம் வேலை பார்க்கிற ஆட்கள் எல்லாம் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார்கள். சுதாகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் தம்பையா அதைப் பார்த்தது. வேலை முடிந்து வருகிறார். வீட்டுக்குப் பின்னால், அவருடைய பாக்குத் தோட்ட வேலியோரம் சுதாகரும் பாஸ்டரும். சுதாகர் கையில் அளவு நாடா. ஒரு முனையைப் பாஸ்டர் பிடித்திருக்கிறார்.

தோட்டம் என்றால் இருபது, இருபத்தைந்து மரம். அப்பா காலத்து இடம். வேலிக்கு அந்தப் பக்கம் சுதாகரின் மணல், ஜல்லி, கம்பி எல்லாம் குவித்து வைக்கிற யார்டு. தம்பையாவைக் கண்டதும் பாஸ்டர் நாடாவை விட்டுவிட்டார். அது சர்ரென்று சுருண்டு சுதாகரின் கைக்குள் போனது.

"என்னண்ணாச்சி, அளவு?"

"ஒண்ணுமில்லவே, சும்மா," என்றார் சுதாகர். "கல்யாண வேலை எப்படிப் போகுது? சபைப் பாக்கி இன்னும் நிக்குன்னு கேள்விப்பட்டேன். வேணும்னா நான் கட்டிருதேன். பிறகு பேசிக்கிடலாம்."

பிறகு பேசிக்கிடலாம்! அன்று ராத்திரிச் சாப்பாடு தம்பையாவுக்கு இறங்கவில்லை. வேதத்தைத் திறந்தார். அடுத்து யார் என்று விரல் ஓடியது. ஆகாப். அரண்மனைக்குப் பக்கத்தில் ஏழை நாபோத்தின் திராட்சைத் தோட்டம். எனக்குக் கொடு, கீரை போடுகிறேன் என்கிறான் ராஜா. என் பிதாக்களின் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைச் சுவருக்குத் திருப்பிப் படுக்கிறான். பெண்டாட்டி யேசபேல் பொய்ச்சாட்சி பிடித்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லவைக்கிறாள். பக்கத்துத் தோட்டம். ராஜா. சாட்சிக்கு ஆள். எல்லாம் அப்படியே இருக்கிறதே! ஏலத்தில் தன்னை ஏற்றிவிட்டதுகூட இதற்குத்தானோ? கடனில் மாட்டவைத்து, கடனை அடைத்து, தோட்டத்தை எழுதி வாங்க?

மறுநாள் தண்ணிக் குழாயடியில் சொர்ணம்மா, சுதாகர் பெண்சாதி ருக்குவோடு தலையை ஒட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என்ன பேசுன?"

"மீன் விலை."

"மீன் விலைக்கு ஏன் என்னப் பாத்ததும் வாயை மூடுன?"

"உங்களைப் பாத்தா மீனே வாயை மூடிக்கிடும், நான் எம்மாத்திரம்," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவளும் கூட்டா? தம்பையா அன்று டீக்கடையில் நாலு பேர் காதில் போட்டார்: காண்ட்ராக்டர் சபையைக் கையில் போட்டுக்கொண்டு ஊரை வளைக்கிறான், பாஸ்டரும் உடந்தை. பெங்காலி டீக்கடைக்காரன் சிரித்தான். "அரே தம்பையா பாய், உன் இருபது மரத்துக்கா இவ்வளவு பிளான்? சோடோ, விடு!" இவர் விடவில்லை. நாபோத்துக்கும் இப்படித்தான் யாராவது சொல்லியிருப்பான்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஜெபக் கூட்டம். முறை வைத்து நடப்பது. அந்த வாரம் சுதாகர் வீட்டில். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. கர்த்தர் செய்த நன்மைக்கு யாராவது சாட்சி சொல்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். தம்பையா எழுந்தார். எழுந்ததும் விசிறியில் தலை தட்டாமல் குனிந்துகொண்டார்.

"சாட்சி இல்ல ஐயா, கேள்வி. ஆகாப் ராஜா நாபோத் தோட்டத்தை அளந்தப்ப, நாடாவோட மறு முனையைப் பிடிச்சது யாரு?"

யாருக்கும் புரியவில்லை. பாஸ்டருக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"சேவலை வச்சு என்னைக் கடன்காரன் ஆக்கினது இவரு," என்று தம்பையா சுதாகரை நோக்கிக் கை நீட்டினார். "கட்டிருதேன், பிறகு பேசிக்கிடலாம்னு சொன்னதும் இவரு. என் மக ஓலையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு என் தோட்டத்தை வாங்கப் பாக்காரு. ஐயா அதுக்கு நாடா பிடிக்காரு. எங்கப்பன் இடம். என்னைக் கல்லெறிஞ்சு கொன்னாலும் தரமாட்டேன்."

"வாயை மூடுங்க!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சொர்ணம்மா எழுந்தாள். "அளக்கச் சொன்னது நான்தான்."

தம்பையா திரும்பினார்.

"போன மழையில அவிய மணல் எல்லாம் சரிஞ்சு நம்ம மரத்து வேரை மூடுது. நாலு மரம் மஞ்சளா நிக்கே, கண்ணு தெரியலயா? உங்ககிட்டச் சொன்னா, முதலாளிகிட்ட எப்படிக் கேக்கன்னு வாயைப் பொத்துவீங்க. நான் ஐயாகிட்டச் சொன்னேன். ஐயா அவரைக் கூட்டிட்டு வந்து காட்டுனாரு. அவரு செலவுல, அவரு பக்கத்துல, பிளாக் வச்சு ஒரு சுவரு கட்ட அளந்தாக. ருக்குகிட்டயும் அதைத்தான் பேசுனேன். போதுமா?"

பாயில் யாரோ களுக்கென்று சிரித்து, பிறகு இருமலாக மாற்றினார்கள். தம்பையாவுக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது. செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசலைப் பார்த்தார்.

"இரும்வே," என்றார் சுதாகர். "போகாதீரும்."

இனி என்ன, வேலை போனது என்று தம்பையா நினைத்தார். சுதாகர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் அவரை நார் நாராகக் கிழித்திருக்கலாம். டீக்கடைப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு பாயைப் பார்த்தபடியே பேசினார்.

"தோட்டம் எனக்கு வேண்டாம். அது பொய். ஆனா சேவல் விசயம் பொய் இல்ல. முதல் தரம் நெசமாத்தான் கேட்டேன். ரெண்டாவதும் போட்டிதான். மூணாவது தரம், இந்த ஆளு எதுவரைக்கும் போவான்னு பாக்கத்தான் ஏத்துனேன். வாங்குற எண்ணமே எனக்கு இல்ல. பக்கத்துல இருந்தவன்கிட்ட, பாரும்வே கூலிக்காரன் ராஜா ஆகப்போறான்னு சொல்லிச் சிரிச்சேன். இவரு கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான்தானே கூலி குடுக்கேன்."

ருக்கு வாசல் நிலையில் சாய்ந்து நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா மனுசன் இப்படி அலைஞ்சிருக்க மாட்டாரு."

பாஸ்டர் வேதத்தைத் திறக்கவில்லை. "ராஜாக்கள்ல பாவம் பண்ணாதவன் யாருமே இல்ல," என்றார். "சவுலும் பண்ணுனான், தாவீதும் பண்ணுனான். தாவீது பண்ணுனதுதான் பெருசு, ஒருத்தன் பெண்டாட்டியை எடுத்துக்கிட்டு அவனையும் கொன்னான். ஆனா தீர்க்கதரிசி முகத்துக்கு நேரா வந்து நீதான் அந்த ஆளுன்னு சொன்னப்ப சவுல் மாதிரிச் சாக்குச் சொல்லல. ஆமான்னு தலை குனிஞ்சான். குனிய முடியாத ராஜாவெல்லாம் விழுந்தான். அவ்வளவுதான் நான் இத்தனை ஞாயிறும் சொன்னது. தம்பையா, அதுல ஒண்ணுகூட உங்களைப் பாத்துச் சொல்லல. எனக்கு உங்க பாக்கி எவ்வளவுன்னே போன வாரம் வரைக்கும் தெரியாது."

தம்பையா நின்றபடியே இருந்தார். ஆகாப்பை இவருக்குக் கொடுத்து, நாபோத்தை எனக்கு எடுத்துக்கொண்டேன். என்னை யார் நாபோத் ஆக்கினது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. தலை குனிந்தது முதலாளி. ஈட்டி எறிந்தது யார்?

"அண்ணாச்சி," என்றார். "டீக்கடையிலயும் பேசிட்டேன்."

"தெரியும்வே. மதியம் டீ குடிக்கப் போனா அவனே சொல்லுதான், சேட், நீங்க இருபது மரத்துக்குக் கொலை பண்ணுவீங்களாமேன்னு. நாளைக்குப் போய் அதையும் நேர் பண்ணும்."

இப்போது எல்லாரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள். பிறகு பாக்கி யார் கட்டுவது என்று வழக்கு வந்தது. முழுவதையும் நான் கட்டுகிறேன் என்றார் சுதாகர். திருப்பி வைத்தது என் கை, கை தட்டல் வாங்கினதும் நான், நானே கட்டுவேன் என்றார் தம்பையா.

"சாலொமோன் மாதிரி ரெண்டா வெட்டிரலாம்," என்றார் ஜெட்டியில் மூட்டை இறக்கும் ஒருவர்.

"எதை வெட்ட? சேவலைத்தான் பாஸ்டரம்மா அப்பமே வெட்டியாச்சே," என்றாள் சொர்ணம்மா.

கடைசியில் பாஸ்டர் முடித்தார். முதல் இரண்டு தரமும் தம்பையா சொந்த ஆசைக்கு எடுத்தது, அது அவருடையது. மூன்றாம் தரத்து ஏழாயிரம் சுதாகருடையது. தம்பையாவுக்கு அதிலும் மனசு ஒப்பவில்லை. ஒருத்தர் தன் குற்றத்தைக் கட்டுகிறபோது அதை நாம் பிடுங்கக் கூடாது என்று பாஸ்டர் சொன்ன பிறகே வாயை மூடினார்.

சனிக்கிழமை காலையில் சொர்ணம்மா காயவைத்திருந்த பாக்கை மூட்டை கட்டி எடுத்துப் போய்ச் சந்தையில் போட்டாள். கல்யாணத்துக்கு ஒரு வளையல் வாங்கலாம் என்று வைத்திருந்த பாக்கு. ஷோபா பரவாயில்லை என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். தம்பையா டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் தான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு, பணத்தோடு சபைக்குப் போனார். சுதாகர் முன்னமே வந்து தன் பங்கைக் கட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள்.

பாஸ்டர் நாலாயிரத்து எழுநூற்று ஐம்பதையும் எண்ணி வைத்துக்கொண்டு ரசீது எழுதினார். தம்பையா அதை வாங்கி, விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"என்ன தம்பையா, இன்னும் சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல ஐயா," என்று வாசித்தபடியே சொன்னார். "ஒரு வார்த்தை மட்டும் பாக்கேன்."

"எது?"

"பாக்கி இல்லைன்னு எழுதியிருக்கான்னு."

எழுதியிருந்தது. ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.