மாமாவின் வலது கால்

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் ஓயாமல் சத்தம் போட்டார்கள். ஒன்று குழந்தை. இன்னொன்று மாமாவின் வலது கால்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருடைய காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் எந்தச் சுவரைக் குறிவைத்தாலும் மாமா அலட்டிக்கொள்ளாமல் ஒரு மிதி மிதிப்பார். வண்டி நிற்கும். "பரவாயில்ல, சுவர் எங்கயும் போயிடாது, மறுபடியும் பாத்துக்கலாம்" என்பார். ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று ஒரு அம்மாள் முன்னால் பாய்ந்து பேக்கரி வாசல்வரை போன அன்றும், "வந்ததே வந்துட்டோம், ஆளுக்கு ஒரு பன் சாப்பிடலாமா?" என்றுதான் கேட்டாராம். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஐஸ்.

அந்த ஐஸ்தான் வீட்டுத் தரையை மிதிக்க ஆரம்பித்திருந்தது. அக்கா குழந்தையோடு ஹாலிலிருந்து சமையலறைக்குத் திரும்பினால், சோபாவில் இருக்கும் மாமாவின் கால் தொம் என்று இறங்கும். அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனால் தொம். குழந்தை தும்மினால் தொம். தும்மலுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "முன்னெச்சரிக்கை மச்சான்" என்றார்.

அக்கா வீடு மாடியில். கீழே ஒரு பல் டாக்டரின் கிளினிக். ஒரு நாள் காலை, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் மேலே ஏறி வந்தார்.

"யாரு சார் இங்க குதிக்கிறது? நான் ஊசிய வாய்க்குள்ள கொண்டுபோறேன், நீங்க தொம்முங்கறீங்க, பேஷண்ட் எகிறிக் குதிச்சு என் மூக்க முட்டுறாரு. யாருக்கு வைத்தியம் பாக்குறதுன்னே தெரியல."

"சாரி டாக்டர். கால் தானா போகுது" என்றார் மாமா.

"காலெல்லாம் என் டிபார்ட்மெண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் மூக்கைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் கல்லூரி விடுமுறையில் அக்காவுக்கு ஒத்தாசையாக அங்கே தங்கியிருந்தேன். ஒத்தாசை என்றால், சமைத்தது எதுவும் வீணாகாமல் பார்த்துக்கொள்வது. அம்மாவும் லீவு போட்டு வந்திருந்தாள். அம்மாவுக்கு பஸ் ஸ்டாண்டில் மைக் வேலை. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று ஊருக்கே சொல்கிற குரல். வீட்டிலும் அதே குரல்தான். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் வந்தால் கீழே கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

கால் கூடப் பரவாயில்லை. மாமா குழந்தையைத் தூக்குவதே இல்லை. கேட்டால் கை சில்லென்று இருக்கிறது என்பார். கையைச் சூடுபடுத்திக்கொள்ளச் சொன்னால் சட்டையில் பெட்ரோல் வாசனை என்பார். சட்டையைக் கழற்றினால் ஜலதோஷம் பிடிக்கும், அது குழந்தைக்கு ஒட்டும். ஆக மொத்தம், மாமாவின் உடம்பில் குழந்தையைத் தூக்குவதற்குத் தகுதியான பாகமே இல்லை. வேலை முடிந்து வந்தாலும் மேலே ஏறாமல், வாசலில் நிறுத்திய காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பாதி. தூக்கம் அதிலும் பாதி.

ஒரு நாள் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு இவளப் பிடிக்கலம்மா. ஞாயித்துக்கிழம நீ கிளம்புறப்ப நானும் இவளத் தூக்கிக்கிட்டு உன்கூட வந்துடறேன். கார்லயே குடித்தனம் பண்றவருக்கு வீடு எதுக்கு?"

அம்மா உடனே எங்கள் அப்பாவுக்கு போன் போட்டாள். மாப்பிள்ளைக்கு மனசு சரியில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றாள்.

"ஆம்பளைக்கு அதெல்லாம் வராது" என்றார் அப்பா. ஸ்பீக்கரில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, "வந்தா எத்தன நாளைக்கு இருக்கும் அது?" என்று கேட்டார்.

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த மனுஷன் வாயத் திறக்குறதே வண்டிக்குள்ளதான். நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்."

"உனக்கு சைக்கிளே வராதேம்மா."

"அது ரெண்டு சக்கரம்டா. இதுல நாலு இருக்கு."

மாமியார் கேட்டு மாப்பிள்ளை மறுக்க முடியுமா? மறுநாள் காலை அம்மா ஸ்டியரிங்கில், மாமா பக்கத்தில், நான் பின்சீட்டில். என்னை ஏன் கூட்டிப்போனாள் என்று இன்றுவரை தெரியவில்லை. சாட்சிக்காக இருக்கலாம்.

வண்டிக்குள் ஏறியதும் மாமா வேறு ஆளாகிவிட்டார். முகம் தெளிந்தது. கால்கூட ஒழுங்காக இருந்தது.

"மெதுவா கிளட்ச்ச விடுங்க அத்தை. மெதுவா... பரவாயில்ல, குலுங்கறது வண்டிக்கு நல்லதுதான்."

அம்மா ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஜன்னலை இறக்கி, "வலப்பக்கம் திரும்ப இருக்கிறோம், வழிவிட்டு ஒத்துழைக்கவும்" என்று தெருவுக்கு அறிவித்தாள். தெரு ஒத்துழைத்தது. இண்டிகேட்டர் என்ற ஒன்று இருப்பதை மாமா மரியாதையாக ஞாபகப்படுத்தினார். "அது கண்ணு தெரியறவங்களுக்குத்தான மாப்ள" என்றாள்.

ஒரு தபால்பெட்டி, ஒரு தண்ணீர் லாரி, யாருடைய வம்புக்கும் போகாத ஒரு நாய் என்று வரிசையாக எல்லாவற்றையும் மாமாவின் கால் காப்பாற்றியது. அவருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. அம்மா இடையிடையே குழந்தையைப் பற்றிக் கேள்வி கேட்டாள். மாமா இடையிடையே கியரைப் பற்றிப் பதில் சொன்னார்.

ரவுண்டானாவின் நடுவில் வண்டி ஒரு விக்கல் விக்கி ஆஃப் ஆனது.

"பரவாயில்ல அத்தை. சாவியத் திருகுங்க."

அம்மா சாவியைத் திருகவில்லை. உருவினாள். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மாமியாரின் கைப்பைக்குள் கைவிடுகிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

"குழந்தைய ஏன் தூக்க மாட்டேங்கறீங்க?"

"அத்தை, பின்னால பஸ்ஸு..."

"நிக்கட்டும். நான் பாக்காத பஸ்ஸா?"

பின்னால் ஹாரன் பிளிறியது. பஸ் டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். "ஏம்மா, நடு ரோட்ல என்ன குடும்ப மாநாடா?"

அம்மா திரும்பினாள். "சிறிது நேரம் பொறுமை காக்கவும்."

டிரைவரின் வாய் திறந்தபடியே நின்றது. "அம்மா... நீங்க பஸ் ஸ்டாண்ட் மைக்கா?"

"ஆமாப்பா."

"உங்க குரல் கேட்டுத்தாம்மா நான் தினம் வண்டிய எடுக்கறேன். நேர்ல பாப்பேன்னு நினைக்கல." அவர் மாமாவிடம், "நீங்க பேசுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், தன் பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திட்ட ஆரம்பித்தார்.

மாமா முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டே பேசினார். சிக்னலைப் பற்றிப் பாடம் எடுக்கிற அதே குரல்.

"ஓட்டவே தெரியாதவங்கள எத்தன பேர நம்பி உட்கார்ந்திருக்கேன். பயமே வந்ததில்ல. ஏன்னா என் பக்கம் இது இருக்கு." காலடியைக் காட்டினார். "அவளத் தூக்குனா எந்தப் பக்கமும் ஒண்ணும் இல்ல அத்தை."

அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"கை நழுவிடும்னு தோணுது. படி, பால்கனி, பாத்ரூம்... எங்க நின்னாலும் அவ விழற மாதிரியே கண்ணுக்குள்ள ஓடுது. நாள் பூரா. நிறுத்தப் பாத்தா இன்னும் ஜாஸ்தியாகுது. வண்டிக்குள்ள வந்து உட்கார்ந்தாதான் கொஞ்சம் அடங்குது. எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்கறேன்."

"இத என் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா குழந்தைய என் பக்கத்துல விடுவாளா? நானே என்னை விட மாட்டேனே."

அவர் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. பின்சீட்டில் நான் இந்தப் பயணத்துக்கென்றே தயார்செய்து வைத்திருந்த ஜோக்குகளைச் சத்தமில்லாமல் விழுங்கினேன்.

அம்மா ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்தாள். "நான் சொன்னா அது சிபாரிசு மாதிரி ஆயிடும் மாப்ள. நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

வண்டி கிளம்பியது. ஆனால் ரவுண்டானாவிலிருந்து எந்த வழியாக வெளியே போவது என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தோம். இன்னும் திட்டி முடிக்காத பஸ் டிரைவர் நாங்கள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சல்யூட் அடித்தார்.

வீட்டில் அக்கா குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை பாயில் படுத்து ஃபேனை முறைத்துக்கொண்டிருந்தது. மாமா வாசற்படியிலேயே நின்று, மூச்சு விடாமல், ரவுண்டானாவில் சொன்ன அத்தனையும் சொல்லி முடித்தார். கண்ணுக்குள் ஓடுகிற படத்தையும் மறைக்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்றாள். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் எந்தக் கால்ல பிரேக் வச்சிருக்கு?" என்றாள். "குளிப்பாட்டுறப்ப எனக்குக் கை நடுங்கறது யாருக்காவது தெரியுமா? நானும் ஏதேதோ நினைச்சுக்கிட்டுதான் தண்ணி ஊத்துறேன். நீங்க அவள வேணாம்னுட்டீங்கன்னு நினைச்சு, உள்ளுக்குள்ள... ச்சே!" என்று கையில் இருந்த குழந்தைச் சட்டையை அவர்மேல் வீசினாள். அது ரொம்பச் சின்னச் சட்டை. பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

"வேணாமா?" என்றார் மாமா. "அவ தும்முனாக்கூட மிதிக்கறேன்டி!"

அந்த நேரம் பார்த்துக் குழந்தை தும்மியது. தொம்.

கீழே ஒரு அலறல். பிறகு படிகளில் வேகமான காலடி. டாக்டர் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள், அம்மா இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அத்தனையையும் சேர்த்து முழு விவரத்தையும் தெளிவான உச்சரிப்பில் அறிவித்தாள்.

டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். கோபம் எங்கேயோ போயிருந்தது.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? பல்லு ஆடுனா, பிடிச்சுக்கிட்டே வீட்டுல உட்கார்ந்திருப்பீங்களா? என்கிட்ட வருவீங்கல்ல? அதுமாதிரி இதுக்கும் டாக்டர் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச மனநல டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. இப்பவே போன் பண்றேன்." கீழே பாதி வாய் மரத்துப்போய் ஒருவர் காத்திருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "பண்ணிட்டு ஓடிடறேன்."

அடுத்த நாளே மாமாவும் அக்காவும் சேர்ந்து போனார்கள். அந்த டாக்டரம்மா நிறையக் கேட்டாராம். மாமாவிடம் கேட்டதில் பாதியை அக்காவிடமும் கேட்டாராம். புதிதாக அப்பா ஆனவர்கள் பலர் இதே பயத்தோடு வருகிறார்கள், வராமல் வீட்டில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதைவிட அதிகம் என்றாராம். மாறி மாறித் தூங்குங்கள், வாரம் ஒரு முறை வாருங்கள், பயம் போகட்டும் என்று காத்திருக்காமல் தினமும் கொஞ்ச நேரம் குழந்தையைத் தூக்குங்கள் என்றாராம்.

அன்று சாயங்காலம் மாமா பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, குழந்தையை இரண்டு பக்கமும் சரிசமமாகப் பிடித்தார். குழந்தை அந்தரத்தில் நேராக அவரைப் பார்த்தது.

"என்னங்க, அது ஸ்டியரிங் இல்ல. மடியில போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. லாரிக்கு வராத வியர்வை. குழந்தை கொட்டாவி விட்டு, அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. அவர் அசையவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது, "இவ எந்திரிக்கட்டும்" என்றார். நான் அவர் பங்கையும் வீணாகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மட்டும் கிளம்பினாள்.

பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மாமா காரில் உட்காருவதை விட்டுவிட்டார். வேலை முடிந்ததும் நேரே மேலே வருவார். செருப்பைக் கழற்றும்போதே, இன்று மழை வரும்போல என்பது மாதிரி, அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார். என் விடுமுறை முடிவதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

"இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"அப்படியா? வாங்க, உட்காருங்க" என்றாள் அக்கா. துவைத்துக் காய்ந்த குழந்தைத் துணிக் குவியலை அவர் பக்கம் தள்ளினாள். "இத மடிச்சுக்கிட்டே பயப்படுங்க."

மாமா மடித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, நான்காக மடித்து அடுக்கினார். நடுவில் ஒரு முறை கண்ணை இறுக மூடித் திறந்தார். அக்கா பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் குழந்தையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் கிடத்திவிட்டு, அடுக்கில் மேலே இருந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"மடிப்பு கோணலா இருக்கு."

"பயத்துல மடிச்சா அப்படித்தான் வரும்" என்றார் மாமா, அடுத்த துணியை எடுத்துக்கொண்டே.