இரண்டு எழுத்து வித்தியாசம்

குழாயடியில் தையல்காரியின் வாளியை அக்கா காலால் எட்டித் தள்ளியபோது நான் பேருந்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். பாதி நிரம்பியிருந்த வாளி கவிழ்ந்து, தண்ணீர் என் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது. "உங்க அம்மா பீத்துணிய அலசின கைதானே? அதே கையால குழாயத் தொடுறியே, வெக்கமா இல்ல?" என்று அக்கா கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தையல்காரி குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு, அக்காவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா இப்படிப்பட்டவள் அல்ல. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து, தட்டில் தனக்கு முன்னால் எனக்கு வைத்து வளர்த்தவள். எத்தனையோ வருடம் காத்திருந்து பிள்ளை உண்டானாள். சிறுநீர் போகும்போது லேசாக எரிகிறது என்றாள், அப்படித்தான் ஆரம்பித்தது. மாத்திரை கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறி, காய்ச்சல் கண்டு, பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. டாக்டர்கள் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மருந்தும் கைவிட்டது. யாரும் விரும்பிப் போடாத பழைய ஊசி ஒன்றுதான் அவளை மீட்டுக் கொடுத்தது. போகிற போக்கில் அவள் காதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவளிடம் எதையும் உரக்கச் சொல்ல வேண்டும். அவள் பேசுவதும் தெருவுக்கே கேட்கும்.

எங்கள் தெருவில் இது அவளுக்கு மட்டும் வந்ததல்ல. கடைக்காரருக்குக் கால் புண் ஆறவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்த தையல்காரியின் அம்மா படுத்த படுக்கை; அவளுக்கும் அதே கிருமி. புதிதாக வந்தவர்கள், நோயாளியோடு வந்தவர்கள். தெருவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர்கள் கொண்டுவந்ததுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அக்காவின் குரல்தான் அதில் பெரிய குரல்.

நான் வேலை பார்ப்பது கிருமிகளின் மரபணுவைப் படிக்கும் ஆய்வுக்கூடத்தில். மருந்துக்கு அடங்காத கிருமி ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. வீடுவீடாகப் போய் மலமும் சிறுநீரும் கேட்டு வாங்குவோம். சாக்கடைத் தண்ணீரும் கோழி எச்சமும்கூட எடுப்போம். "என்னோடதையும் எடுத்துக்கோடி. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்று அக்காவே குப்பியை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். கிருமி பெருகும்போதெல்லாம் எழுத்து வரிசை போன்ற தன் மரபணுவைப் படியெடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிசகியது அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தப் பிழைகளை ஒப்பிட்டு வைத்தால், எது எதற்கு முந்தியது, எது எதிலிருந்து கிளைத்தது என்று ஒரு மரம்போல விரியும்.

அந்த மரம் என் திரையில் விரிந்தபோது, காபி டம்ளரை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையில் வைத்தேன். தையல்காரியின் அம்மா மரத்தின் நுனியில், ஒரு சின்னக் கிளையில் இருந்தாள். தெருவிலிருந்துதான் அவளுக்குப் போயிருந்தது. அடிமரமும் அதன் பழைய கிளைகள் அத்தனையும் ஒரே இடத்திலிருந்து எடுத்த மாதிரிகள்: மேட்டில் இருக்கும் கோழிப்பண்ணை, அதன் எச்சம், அதன் வடிகால். வடிகால் எங்கள் தெருவின் பின்னால்தான் ஓடுகிறது. குடிநீர்க் குழாய் அதற்குள் முங்கித்தான் தெருவுக்கு வருகிறது. பண்ணைக் கிருமிக்கும் அக்காவின் ரத்தத்தில் இருந்த கிருமிக்கும் இரண்டே எழுத்து வித்தியாசம்.

பண்ணை மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர்.

எங்கள் பிரிவின் தலைவர் மரத்தை வெகு நேரம் பார்த்தார். "அருமையான வேலை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெருவுல எப்போ சொல்லப் போறோம் சார்?"

"கட்டுரை வரட்டும். அதுலயும் இடம் பேரெல்லாம் வராது. ஒரு பண்ணையக் காட்டிக் குடுத்தா, நாளைக்கு எந்தப் பண்ணையும் நம்மள உள்ள விடாதும்மா."

"உள்ள விட்டா மட்டும் என்ன சார் பண்ணப் போறோம்? இன்னொரு மரம் வரைவோமா?"

"நீ உணர்ச்சிவசப்படுற. அது உன் குடும்பம்கிறதால."

குடும்பமில்லாத தெரு ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்று கேட்க நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டரம்மா! கக்கூஸ் ஆராய்ச்சி எப்படிப் போகுது?" என்று சிரித்தார். எப்போதும் கேட்பதுதான். நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் அக்காவின் காலடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபம்.

"மாமா, கோழித் தண்ணியில என்ன பொடி கலக்குறீங்க?"

மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அலமாரியிலிருந்து பாக்கெட்டையே எடுத்துக் காட்டினார். மேலே கொழுத்த சேவல் படம். கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர். டாக்டர்கள் கடைசிக்கென்று வைத்திருந்து அக்காவுக்கு ஏற்றி, கைவிட்ட அதே மருந்து. "கடையில சும்மா அள்ளிக் குடுக்குறான். குஞ்சு சாகாது, எடையும் ஏறும். எல்லாரும்தான் போடுறாங்க."

மரம் காட்டியதை மெதுவாகத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "இந்தக் கோழிதான் உன்னப் படிக்க வச்சுது. அத மறந்துட்டுப் பேசுறியா?"

"மறக்கல மாமா. அந்தப் படிப்புதான் சொல்லுது."

அடுப்படியிலிருந்து அக்கா கையைத் துடைத்தபடி வந்தாள். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன குசுகுசுன்னு? எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல" என்றார் மாமா.

"நீ சொல்லுடி. கண்டுபிடிச்சிட்டியா? அந்தத் தையக்காரிதானே?"

"இல்லக்கா."

"என்னது? சத்தமாச் சொல்லு!"

என்னை மெதுவாகச் சொல்ல விடாத எல்லாவற்றின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஊசியின் மேல், சேவல் படத்தின் மேல், 'அருமையான வேலை' என்று சொன்ன வாயின் மேல். தொண்டை கிழியக் கத்தினேன். "நம்ம பண்ணையிலேருந்துக்கா! கோழிக்குப் போட்ட மருந்துக்குக் கிருமி பழகிப்போச்சு! சாக்கடை வழியா தெருவுக்கு வந்துச்சு! தையக்காரி அம்மாவுக்கு நாமதான் குடுத்திருக்கோம்! உன் வயித்துப் பிள்ளையக் கொண்டுபோனதும் அதுதான்!"

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். "ஏன்டி சொன்ன? அவளத் திட்டித் திட்டித்தான் இத்தன நாளா மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன். இப்போ யாரத் திட்டுவேன்? இந்தாளையா? பிள்ளையப் பொதைச்சிட்டு வந்து என்னைவிட அதிகமா அழுதாரே, இவரையா?"

மாமா கை கழுவாமலே எழுந்து, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பண்ணை வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா பிறகு எழுந்து, முகத்தைக்கூடக் கழுவாமல், பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

தையல்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே கட்டிலில் அவள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் தையல்காரி கையைக் காட்டித் தடுத்தாள்.

"கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. மன்னிப்புக் கின்னிப்புன்னு எதையாவது சொல்லி, உங்க பாரத்த இங்க எறக்கி வச்சிட்டுப் போகாதீங்க. ராத்திரி முழுக்க முனகுறது எங்கம்மா. என்கிட்ட தைக்கக் குடுத்த துணியத் திருப்பி வாங்கிட்டுப் போனது இந்தத் தெரு. என்னைத் திட்டினப்போ ஊரே கேட்டுச்சுல்ல? இதையும் அதே மாதிரி கேக்க வைங்க. முதல்ல அந்தப் பொடிய நிறுத்துங்க. அப்புறம் பேசலாம்."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா செருப்பைத் தேடவில்லை. மேட்டுச் சாலையில் விறுவிறுவென்று நடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று, "எங்க கோழியாலதான்! எங்க பண்ணையாலதான்! தண்ணியக் காய்ச்சிக் குடிங்க!" என்று கத்தினாள். கடைக்காரர் காலைத் தொங்கப் போட்டபடி வாய் பிளந்து பார்த்தார். ஒரு பெண் தன் பிள்ளையைச் சட்டென்று அருகே இழுத்துக்கொண்டாள். எங்களைப் பார்த்துத்தான் இழுத்தாள். இனி அந்தத் தெருவில் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பண்ணையில் வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அதன் வாயைக் கிழித்தாகிவிட்டது, தொட்டியில் இன்னும் கொட்டவில்லை.

"ஒரு தடவ நிறுத்தினா பாதி செத்துடும்" என்றார். எங்களிடம் சொன்னது போல இல்லை. "எனக்கு இது ஒண்ணுதான தெரியும்."

அக்கா தொட்டியடியில் மண்டியிட்டு, கொட்டகைக்குப் போகும் குழாயின் துருப்பிடித்த திருகை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கி மூடினாள். பிறகு தொட்டி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "போடு பார்ப்போம். என் மேல போடு."

கொட்டகைக்குள் குழாய்கள் காலியாயின. முதலில் ஒரு கோழி கொத்தியது, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு கொட்டகை முழுவதும். வறண்ட குழாய் முனைகளில் ஆயிரக்கணக்கான அலகுகள், தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல. மாமா அசையவில்லை. கிழிந்த பாக்கெட்டிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை எடுத்து, அவர் சட்டையிலும் அக்காவின் மடியிலும் வெள்ளையாகத் தூவிக்கொண்டிருந்தது.