டிக்சனின் அட்டவணை

டிக்சன் பாக்கெட்டிலிருந்து அளவு டேப்பை எடுத்து ஜன்னலின் உயரத்தை அளந்தபோது, பிளாரன்ஸ் வீட்டில் இருந்த ஏழு குழந்தைகளும் அழுகையையும் அடிதடியையும் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. ஜெபசுதாவுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று நாளில் இது மூன்றாவது ஜன்னல்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் துறைமுகச் சாலையிலுள்ள கிளியரிங் ஏஜென்சியில் இருந்தாக வேண்டும். பெவினைப் பெற்று இரண்டேகால் வருஷம் வீட்டில் இருந்தாயிற்று. "திங்கக்கெழம வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன் தாயி. பொறவு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது" என்று முதலாளி தாணுலிங்கம் அண்ணாச்சி போனில் சொல்லிவிட்டார். கப்பலுக்குக் கண்டெய்னர் காகிதங்களைக் கொடுத்து முடிக்கவேண்டிய கெடு நாட்களில் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். ஆகவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறரை மணி வரை பெவினை வைத்துக்கொள்ள ஓர் இடம்.

அவள் புருஷன் டிக்சனுக்கு அது போதவில்லை. நாசரேத்தில் மூன்று தலைமுறையாகத் தலைமையாசிரியர்களை உற்பத்தி செய்த குடும்பம் அவனுடையது. போதாக்குறைக்கு, 'முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு: ஓர் ஒப்பீடு' என்ற தலைப்பில் ஐந்து வருஷமாக வீட்டிலிருந்தே பி.எச்.டி. செய்துகொண்டிருந்தான். லேப்டாப்பில் அட்டவணை போட்டான். காற்றோட்டம், பணியாளர் கல்வித் தகுதி, பொறுமை என்று மொத்தம் முப்பத்திரண்டு கட்டங்கள். மதிப்பெண்ணை அடித்தால் போதும், அதுவே நூற்றுக்குக் கூட்டிக்கொள்ளும். முதல் மார்க் வாங்கியது தானாக உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் நாள் பார்த்த ஏ.சி. போட்ட மழலையர் மையத்தில், மேடம் நாற்பது நிமிஷம் குழந்தையின் மூளை நரம்புகளைப் பற்றி விளக்கினார். அதற்குள் பெவின் பச்சை கிரேயானில் பாதியைத் தின்று முடித்திருந்தான். எண்பத்தாறு மார்க். மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். "சாயங்காலம் பேரன்ட்ஸ் குவாலிட்டி டைம் குடுக்கணும் இல்லையா?" என்றார் மேடம். மறுநாள் தெருமுனை அங்கன்வாடி. அற்புதமணி டீச்சர் கொடுத்த முட்டையை முழுசாகத் தின்றுவிட்டு பெவின் அங்கேயே பாயில் படுத்துத் தூங்கினான். ஐம்பத்து நாலு. "மூணரைக்குப் பூட்டிருவோம்மா. எனக்கும் வீட்டுல ரெண்டு கெடக்குல்லா?"

இன்று பிளாரன்ஸ். ஐஸ் கம்பெனிக்கும் இறால் உரிக்கவும் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் வீடு. மீன்பிடித் தடைக்காலமாதலால் அவள் புருஷன் ரோச்சும் இரண்டு மாதமாகக் கரையில்தான் இருந்தான். மடியில் ஒன்று தூங்க, முதுகில் ஒன்று தொங்க, வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"இந்த ஜென்ட்ஸ் ஸ்டாஃப் இருக்காரே, இவருக்கு என்ன குவாலிஃபிகேஷன்?" என்று டிக்சன் பிளாரன்ஸிடம் கேட்டான்.

பதில் ஜென்ட்ஸ் ஸ்டாஃபிடமிருந்தே வந்தது. "முப்பது வருஷம் விசைப்படகு டிரைவரு சார். தடிமாடு கணக்கா ஆளுவ வாந்தி எடுக்கும்போதே பிடிச்சிருக்கேன். இதுக பாவம், கொஞ்சமாத்தான் எடுக்கும்."

"ஆறரை மணி வரைக்கும் வச்சிருப்பியளாக்கா?" என்றாள் ஜெபசுதா.

"எட்டு வரைக்கும்கூட வச்சிருப்பேன் தங்கச்சி. ஆனா புதுசா எடுக்க முடியாதே! அடுத்த வாரம் தடை முடியுது. இவரு கடலுக்குப் போயிட்டா இந்த ஏழு பிள்ளையளையே நான் ஒத்தையில மேய்க்கணும்."

பேச்சை மாற்றுகிற மரியாதையில் ரோச் கேட்டான், "சாருக்கு எந்தக் கம்பெனி?"

"ரிசர்ச் பண்ணுதேன். வீட்டுலேருந்துதான்."

"அப்பம் சாருக்கு வருஷம் பூராத் தடைக்காலம்னு சொல்லுங்க."

பிளாரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். உப்பளக் காற்று முகத்தில் பிசுபிசுத்தது. இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் ஜெபசுதாவை அரித்தது. டிக்சன் வீட்டில் இருப்பது அவளுக்கு மின்விசிறி வீட்டில் இருப்பதைப்போலப் பழகிவிட்டிருந்தது. அதனிடம் போய்ப் பிள்ளையைக் கொடுக்க யாருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் பெவின் தூங்கிய பிறகு, லேப்டாப்பைத் திறந்து நாலாவதாக ஒரு வரி சேர்த்தாள். பெயர்: டிக்சன். நேரம்: முழு நாள். பிள்ளைக்கு ஆள்: ஒன்றுக்கு ஒன்று. கல்வித் தகுதி: எம்.எஸ்ஸி., எம்.எட்., பி.எச்.டி. (நடக்கிறது). நியாயமாகவே மார்க் போட்டாள். தொண்ணூற்றொன்று. கடைசி வரி விருட்டென்று உச்சிக்கு ஏறியது.

"ஏளா, என்னது இது?" என்றான் பின்னால் வந்து நின்ற டிக்சன்.

"நீங்க போட்ட ஃபார்முலாதான்."

"வெளையாடாத சுதா. என் தீசிஸ் என்னாவும்?"

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குவான். அந்த நேரத்துலதான் நான் துணி தொவச்சேன். ஒங்க மூணு சாப்டரையும் டைப் அடிச்சேன்."

டிக்சன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். ஒரு மார்க் குறைந்தாலும் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தே பழகியவன், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மார்க்கைத் தானே குறைக்க ஆரம்பித்தான். பொறுமை, பத்துக்கு மூன்று. சமையல், ஒன்று. கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த ஒன்றையும் அழித்தான். எண்பது. எழுபத்திரண்டு. ஏ.சி. மையம் மறுபடி மேலே ஏறியது.

நாளைக்குப் போடவேண்டிய சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டே ஜெபசுதா சொன்னாள், "நீங்க முட்டை மார்க் வாங்கினாலும் சரி, காலைல எட்டரைக்கு நான் கெளம்பிருவேன்."

உண்மையில் எட்டரைக்கு வாசல் தாண்டுவாளா, பாதித் துறைமுகச் சாலையில் திரும்பி ஓடிவருவாளா, அவளுக்கே தெரியவில்லை.

அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு.

தூக்கம் கலைந்த பெவின், கன்னத்தில் பாய் வரிகளோடு நடந்து வந்தான். அம்மாவின் கையில் சூடான இஸ்திரிப்பெட்டி இருப்பதைப் பார்த்தான். தள்ளாடித் திரும்பி அப்பாவின் நாற்காலியருகே போய், இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

டிக்சனின் விரல் இன்னும் ஓர் எண்ணின் மேல் இருந்தது. குழந்தை கைகளை இறக்கவில்லை.