மூன்றாம் காடு, முதல் வாரம்

மூன்று காடுகளில் எதில் தேயிலைக் கொழுந்து குறைவோ அதன் செடிகளைப் பிடுங்கிவிட்டு, நிலத்தைக் காய்கறி பயிரிடும் சீன முதலாளியான தவுக்கேக்குக் குத்தகைக்கு விடுவது என்று எஸ்டேட் மேனேஜர் டெஸ்மண்ட் துரை முடிவு செய்திருந்தார். எந்தக் காடு என்று சொல்ல வேண்டியவள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சசிரேகா. நாலு வார நிறுவையை ஆர் என்ற கணினி மொழியில் அணியாகப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நம்பர் காடுதான் என்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். நாலு மணிக்குத் துரை கையெழுத்துப் போடுவார். அதன்பின் அந்தக் காட்டில் வேலை செய்யும் முப்பது பேரும் ரிங்லெட் டவுன் பக்கம் ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான்.

மூன்று மணிக்கு மூன்றாம் நம்பர் கங்காணி வேலப்பன் சேற்றுப் பூட்ஸோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசுகிறவனுக்குப் பேரம் படியாது என்பது அவருக்குத் தெரியும்.

“கிராணியம்மா, என் காட்டைக் கொன்னுட்டியாமே. பொணத்தையாவது காட்டு லா.”

“கம்ப்யூட்டர் சொல்லுது அண்ணே.”

“அது எந்த லயத்துல பொறந்துச்சு, கொழுந்தைப் பத்திச் சொல்ல?”

சசிரேகா திரையை அவர் பக்கம் திருப்பினாள். குறுக்கே மூன்று வரிசை, காட்டுக்கு ஒன்று. நெடுக்கே நாலு பத்தி, வாரத்துக்கு ஒன்று.

“m[3, 1]னு அடிச்சா மூணாம் காடு, மொத வாரம். பாருங்க.” அடித்தாள். 0 என்று வந்தது.

வேலப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். “முட்டையா? அந்த வாரம் மழையில நனைஞ்சு அம்பது மூட்டை இறக்கினோம். நீதானே எடை போட்ட! ரெண்டாம் நம்பர்காரனுக்கு நாலாவது வாரம் முட்டை, ஒன்னாம் நம்பருக்கு மூணாவது வாரம். ஏன் தங்கச்சி, தீமிதிக்கு எஸ்டேட்டே ஒரே வாரம்தானே லீவு? காட்டுக்கு ஒரு வாரமா ஆத்தா திருவிழா வச்சா?”

சசிரேகா நிறுவைப் புத்தகத்தைத் திறந்து திரையோடு வைத்துப் பார்த்தாள். புத்தகத்தில் ஒரு காட்டுக்கு ஒரு வரி. அந்த வரிசையிலேயே பன்னிரண்டு எண்களையும் அடித்திருந்தாள். ஆர் மொழிக்கு வேறு மாதிரி சொல்லாவிட்டால் அது எண்களை மேலிருந்து கீழாகத்தான் பத்தி பத்தியாக நிரப்பும். ஒன்றாம் காட்டின் தீமிதிப் பூஜ்யம் இறங்கி வந்து வேலப்பன் தலையில் உட்கார்ந்திருந்தது.

வரிசை வரிசையாக நிரப்பச் சொல்லி byrow = TRUE என்று சேர்த்துத் திரும்ப ஓட்டினாள். தீமிதி வாரமான மூன்றாவது பத்தி முழுக்கப் பூஜ்யம். மூன்றாம் காட்டுக்கு m[3, ] என்று அடித்தாள்: 50, 75, 0, 52. மொத்தம் நூற்று எழுபத்தேழு. இரண்டாம் காட்டுக்கு நூற்று எண்பத்து நாலு. பிறகு ஒன்றாம் காட்டுக்கு m[1, ]: 55, 50, 0, 54. நூற்று ஐம்பத்தொன்பது.

வேலப்பனின் சிரிப்பு நின்றது. ஒன்றாம் நம்பர் கங்காணி லிங்கேஸ்வரன், சசிரேகாவின் கணவன்.

“தங்கச்சி, இதைக் கொடுத்தா வீட்டுல சோறு கிடைக்குமா?”

“சமைக்கிறதே அவர்தான். கிடைக்காது.”

அச்சடித்த தாளோடு நேரே துரை அறைக்குப் போனாள்.

“துரை, காலையில கொடுத்தது தப்பு. தப்பா போட்டது நான்தான். கடைசியில நிக்கிறது ஒன்னாம் நம்பர்.”

துரை பேனாவை எடுத்தார். அவள் தாளை விடவில்லை.

“ஆனா மேலுக்கும் கீழுக்கும் இருபத்தஞ்சு மூட்டைதான் வித்தியாசம். அதுலயும் ஒரு வாரம் திருவிழா. நாலு வாரத்தை நம்பி அம்பது வருஷச் செடியைப் பிடுங்கச் சொல்லி என் பேரைப் போட மாட்டேன். பன்னெண்டு மாசத்தையும் போட்டுப் பாக்கணும்.”

“எப்ப முடியும்?”

“அடுத்த வெள்ளி.”

“திங்கள்.”

“திங்கள்னா தப்பு பாக்க எனக்கு ஒரு ஆள் வேணும். வேலப்பண்ணனைக் கொடுங்க.”

துரை பேனாவை மூடினார். “திங்கள் காலையில, எட்டு மணி.”

வேலப்பன் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். சசிரேகா அலமாரியைத் திறந்து பன்னிரண்டு நிறுவைப் புத்தகங்களையும் அவர் மடியில் அடுக்கினாள்.

“பூட்ஸைக் கழட்டிட்டு வாசிங்க அண்ணே, நான் அடிக்கிறேன். ஒன்னாம் நம்பர்ல இருந்து.”